டீ வேறு, டீ மாத்திரை வேறு!

ஜப்பானில் 800 ஆண்டுகளுக்கு முன்பு சானெடோமோ என்ற இளம் தலைவர் இருந்தார். நாட்டின் படையெல்லாம் அவர் கையில். 1214-ம் ஆண்டில் ஒரு நாள் இரவு, விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டார். மறுநாள் உடம்புக்கு முடியவில்லை.

எய்சாய் என்ற புத்தத் துறவிக்கு இது தெரிந்தது. அவர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தமது மடத்திலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயின் பெருமையைப் பற்றித் தாமே எழுதிய புத்தகத்தையும் கூடவே கொடுத்தார்.

அந்த டீயில் பால் இல்லை; சர்க்கரை இல்லை. பச்சைத் தேயிலையைத் தூளாக்கி வெந்நீரில் கலக்கியது, அவ்வளவுதான்.

இன்று அதே பச்சைத் தேயிலை மாத்திரையாகி, மருந்துக் கடையில் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் சீட்டு தேவையில்லை. பணம் கொடுத்தால் போதும். "உடம்பு இளைக்கும், கொழுப்பு கரையும்" என்கிறது விளம்பரம். கல்யாணத்துக்கு முன்பு இளைக்க வேண்டும் என்று மகள் வாங்குகிறாள். தொப்பை குறைய வேண்டும் என்று அப்பா வாங்குகிறார். "டீதானே, என்ன செய்துவிடும்?" என்று வீட்டில் யாரும் தடுப்பதில்லை.

இங்கேதான் தவறு நடக்கிறது.

ஒரே செடி

பச்சை டீக்கென்று தனிச் செடி கிடையாது. நாம் தினமும் குடிக்கும் டீயும் அந்தச் செடியின் இலைதான். இலையை வாட்டி, கசக்கி, காற்றுப் படும்படி விட்டால் கறுத்துப் போகும். அது நம் டீ. பறித்தவுடனேயே ஆவியில் வேகவைத்தோ, சட்டியில் வறுத்தோ எடுத்தால் நிறம் மாறாது. அது பச்சை டீ. நீலகிரியில் இரண்டும் தயாராகின்றன.

பச்சை டீயின் துவர்ப்புக்குக் காரணமான கேட்டசின் என்ற பொருளை 1929-ம் ஆண்டில் தனியே பிரித்தெடுத்தவர் ஒரு பெண்மணி. மிச்சியோ சுஜிமுரா என்று பெயர். ஜப்பானில் விவசாய விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்!

கேட்டசின்களில் பல வகை உண்டு. அவற்றில் முக்கியமானது "இ.ஜி.சி.ஜி." முழுப் பெயர் வாயில் நுழையாது, இந்த நான்கு எழுத்துப் போதும். மாத்திரைக்காரர்கள் விற்பது இதைத்தான்.

குடித்தவர்களுக்கு நன்மை

டீ குடிப்பதில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் ஒசாகி என்ற வட்டாரத்தில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பச்சை டீ குடித்தவர்களிடையே, இருதய நோயாலும் ரத்தக் குழாய் நோயாலும் இறந்தவர்கள் குறைவு. பெண்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. புற்றுநோய் மரணம் மட்டும் குறையவில்லை.

டீ மட்டுமே இதற்குக் காரணமா? அவர்கள் சாப்பாடும் நடையும் உழைப்பும் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் அவர்கள் கோப்பையில் குடித்தவர்கள். மாத்திரை விழுங்கியவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பெயரை வைத்து மாத்திரை விற்கிறது!

எவ்வளவு இளைத்தார்கள்?

பச்சைத் தேயிலையைச் சாப்பிட்டு இளைத்தவர்கள் உண்டா? பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2012-ம் ஆண்டில் நிபுணர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆராய்ச்சிகளில், சராசரியாகக் குறைந்த எடை 40 கிராம்!

நாற்பது கிராம் என்பது ஒரு சின்ன எலுமிச்சம்பழம். இதற்காகவா மாதா மாதம் பாட்டில் வாங்குவது?

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1,075 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப்பேருக்குத் தினம் 843 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. உள்ள மாத்திரை. மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. இப்படி ஓராண்டு கொடுத்தார்கள். 2016, 2017-ம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு சிறிது குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எடை குறையவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தேயிலை மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈரல் கெடுவதற்கான அறிகுறி ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள், சரியாயிற்று. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி ஏறியது! வேறு சாட்சி எதற்கு?

பிரான்சிலும் ஸ்பெயினிலும் இது முன்பே தெரிந்த சங்கதி. எடை குறைக்க விற்பனையான ஒரு பச்சைத் தேயிலை மாத்திரையை, ஈரல் நோய் வந்ததால் 2003-ம் ஆண்டிலேயே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெறும் வயிற்றில் ஆபத்து

ஒரு கோப்பை டீயில் சுமாராக 50 முதல் 100 மில்லிகிராம் வரை இ.ஜி.சி.ஜி. இருக்கும். அதை ஊதி ஊதிக் குடிக்கிறோம். அடுத்த கோப்பைக்குப் பல மணி நேரம் ஆகும். மாத்திரையோ பல கோப்பைச் சத்தை ஒரே மடக்கில் உள்ளே தள்ளுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால், சாப்பிட்டபின் விழுங்குவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ரத்தத்தில் ஏறுகிறது. இளைக்க நினைக்கிறவர்கள் எப்போது விழுங்குகிறார்கள்? காலையில், பட்டினி வயிற்றில்!

ஐரோப்பிய நாடுகள் 2022-ம் ஆண்டில் இதற்குச் சட்டம் போட்டன. ஒரு நாள் அளவு 800 மில்லிகிராமை எட்டக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயது ஆகாதவர்கள் சாப்பிடக் கூடாது. வெறும் வயிற்றில் கூடாது. இவை அத்தனையும் லேபிளில் இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் இந்த எச்சரிக்கை தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருந்தால் என்ன? லாபம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே!

மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் ஈரல் கெடுவதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கு ஆகும் என்பது பிறவி உடல்வாகையும் பொறுத்தது. கடையில் பணம் கொடுக்கும்போது அது யாருக்குத் தெரியும்?

டீ குடிக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். சோகை உள்ள பெண்கள் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பாட்டிலையும் எடுத்துச் செல்ல வேண்டும். "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்பார். பலர் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லுகிறார்கள். தேயிலை மாத்திரை அவர்கள் நினைவுக்கே வருவதில்லை.