பள்ளிக்கு வெப்சைட்: சாஃப்ட்வேர் இலவசம்தான்... சாவி யார் கையில்? | விளக்கம்

காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் ஐயங்கார்குளத்தை கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது நடவாவி கிணறுதான். சித்ரா பௌர்ணமிக்கு காஞ்சி வரதராஜப் பெருமாள் படியிறங்கி எழுந்தருளும் அந்த நிலத்தடி மண்டபம், சஞ்சீவிராயர் கோயில், பக்கத்திலேயே பெரிய ஏரி என போட்டோவும் வீடியோவும் வரிசைகட்டும்.

இப்போ உங்க ஊர் அரசுப் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்க. பெரும்பாலும் கிடைப்பது, ஏதோ ஒரு தனியார் தளம் அரசுப் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்ட நாலு வரி. சுற்றிலும் விளம்பரம். பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கு, லேப் இருக்கா, போன வருஷம் பிள்ளைகள் என்ன சாதிச்சாங்க... எதுவும் இருக்காது.

இதே நேரத்தில், சிபிஎஸ்இ பள்ளிகள் தங்களைப் பற்றிய விவரங்களை சொந்த வெப்சைட்டில் கட்டாயம் வெளியிடணும் என்பது விதி. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று போனில் தேடும் பெற்றோருக்கு ஒரு பள்ளி பளிச்சென்று தெரியுது, இன்னொன்று தெரியவே இல்லை. நல்லா நடக்கும் அரசுப் பள்ளிக்கு இது நிஜமான இழப்பு.

"வெப்சைட்டுக்கு காசு ஏது?" என்பதுதான் வழக்கமான பதில். ஆனா பிரச்சினை அங்கே இல்லை.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. இதுதான் ஓப்பன் சோர்ஸ். தமிழில் திறமூல மென்பொருள்.

வெப்சைட் உருவாக்க இந்த வகையில் ஏற்கெனவே பல இருக்கு. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ், இன்று உலகின் வெப்சைட்களில் 40 சதவீதத்துக்கு மேல் தாங்குது. ட்ரூபல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த ட்ரீஸ் பய்டார்ட் என்ற மாணவரின் விடுதி அறையில் தொடங்கி 2001-ல் வெளியானது. ஆன்லைன் வகுப்புகளுக்கான மூடுல், ஆஸ்திரேலியாவின் பெர்த்தைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002-ல் வெளியிட்டது. விக்கிப்பீடியா இயங்குவது மீடியாவிக்கியில்.

அப்போ செலவே இல்லையா?

இருக்கு. மென்பொருள்தான் இலவசம். டொமைன் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும். சர்வர் இடத்துக்கு வாடகை உண்டு. இதெல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு, அதைத் தொடர்ந்து கவனிக்கும் ஆள்.

2014 அக்டோபர் 15-ம் தேதி ட்ரூபலில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தமும் வெளியானது. அடுத்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. ஏழே மணி நேரம்! பரீட்சை வேலையிலோ மே மாத லீவிலோ இருக்கும் பள்ளியில் அதை யார் பார்ப்பது?

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்வமான ஒரு ஆசிரியரோ, ஐடியில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவரோ தன் மெயில் ஐடியில் டொமைன் வாங்கி தளத்தை உருவாக்குவார். ஆண்டு விழாவில் தொடக்க விழாவும் நடக்கும். ரெண்டு வருஷத்தில் ஆசிரியருக்கு டிரான்ஸ்ஃபர், முன்னாள் மாணவருக்கு வெளிநாட்டு வேலை. பாஸ்வேர்டு அவங்களோடவே போயிடும். டொமைன் காலாவதியானால் வேறு யாரும் அதை வாங்கலாம். பள்ளியின் பெயரைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வந்து நிற்கும்.

அதாவது ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியா வேர்ட்பிரஸ் தளம் போடுவது, ஒவ்வொரு வீடும் தனித்தனியா தண்ணித் தொட்டி கட்டுற மாதிரி. கட்டுவது ஒருநாள் வேலை. கழுவிக்கிட்டே இருக்கணும்.

கேரளா என்ன செய்தது?

பக்கத்து மாநிலம் இதற்கு 2009-லேயே ஒரு வழி கண்டது. ஸ்கூல்விக்கி. அப்போது 'ஐடி அட் ஸ்கூல்' என்ற பெயரிலும், இப்போது 'கைட்' என்ற பெயரிலும் இயங்கும் கேரளக் கல்வித் துறை நிறுவனம் இதை நடத்துது. விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே மீடியாவிக்கிதான். 15,000-க்கும் அதிகமான பள்ளிகளுக்கு அதில் பக்கம் இருக்கு, மலையாளத்திலேயே.

இதில் வேலை இரண்டாகப் பிரியுது. சர்வர், பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் ஒரே இடத்தில், அரசின் பொறுப்பு. என்ன எழுதுவது என்பது பள்ளியின் பொறுப்பு. பள்ளியின் வரலாறு, வசதிகள், முன்னாள் மாணவர்கள், ஊரின் கதை என ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து எழுதுறாங்க. யார் எப்போது என்ன மாற்றினார் என்பது பதிவாகிவிடும். யாராவது தப்பாக மாற்றினால் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். தலைமை ஆசிரியர் மாறினாலும் பக்கம் அங்கேயே இருக்கும்.

2020 கொரோனா ஊரடங்கில் 'அட்சரவிருட்சம்' என்ற திட்டத்தில் வீட்டில் அடைபட்டிருந்த பிள்ளைகள் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகள் 50,000-க்கும் மேல் ஸ்கூல்விக்கியில் ஏறின. தளம் ஏற்கெனவே தயாரா இருந்ததால்தான் அது முடிந்தது.

குறையே இல்லையா என்றால், பக்கம் திறப்பது சுலபம், நிரப்புவதுதான் கஷ்டம். சிறந்த பக்கங்களுக்கு அங்கே விருது கொடுத்து ஊக்குவிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் நிலைமை?

நமக்கு ஓப்பன் சோர்ஸ் புதுசு இல்லை. 2014-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியபோது, 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு தமிழக அரசு அறிவுறுத்தியது. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசும் 2015-ல் வெளியிட்டது.

விக்கியும் புதுசு இல்லை. 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டி கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியே அரசு நடத்தியது. ஹைடெக் லேப்களும் பள்ளிகளுக்கு வந்தாச்சு.

'எமிஸ்' தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் ஏறுது. ஆனா அது நிர்வாகத்துக்கான தரவு. பள்ளி தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லும் இடம் அது இல்லை. கருவி இருக்கு, பழக்கம் இருக்கு. எல்லாப் பள்ளிக்கும் பொதுவான ஒரு வீடுதான் வேணும்.

பல்கலைக்கழகங்கள்?

அங்கே இதே பாடத்துக்கு நல்ல உதாரணம் 'சோத்கங்கா'. நாடு முழுக்க பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியம். தமிழ் ஆய்வேடுகளும் அதில் ஏராளம். 'இன்ஃப்ளிப்நெட்' மையம் நடத்தும் இது, எம்ஐடியும் ஹெச்பியும் 2002-ல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் இயங்குது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி தளம் வைத்திருந்தால் எத்தனை ஆய்வேடு இன்று திறக்கும்?

உங்க பள்ளி தனியா தளம் தொடங்கினால்...

அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாது என்று நினைக்கும் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முதல் நாளே கேட்க வேண்டியவை:

- டொமைன் யார் பெயரில்? தனிநபர் மெயிலில் வேண்டாம், பள்ளியின் மெயிலில் இருக்கட்டும். கல்வி நிறுவனங்களுக்கான .edu.in, .ac.in பெயர்களை எர்நெட் இந்தியா வழங்குது.
- பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கா? பொறுப்பு மாறும்போது எழுதி ஒப்படைக்கிறாங்களா?
- அப்டேட்டும் பேக்கப்பும் யார் வேலை? ஒரு பெயர் சொல்ல முடியணும்.
- தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வருக்கு மாற்ற முடியுமா? ஓப்பன் சோர்ஸின் உண்மையான லாபமே இதுதான்.
- பிள்ளைகளின் போட்டோ, பெயர் போட பெற்றோர் சம்மதம் இருக்கா? 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இந்த ஐந்துக்கும் பதில் இல்லையென்றால், இலவச மென்பொருளும் இரண்டே வருஷத்தில் செத்த லிங்க்தான்.

ஐயங்கார்குளத்தின் கிணற்றைப் பற்றி இன்று வெளியூர்க்காரர்கள் எடுத்த வீடியோ நிறைய இருக்கு. வருஷம் முழுக்க அந்தப் படிகளைப் பார்த்து வளரும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைத் தன் பள்ளியின் பக்கத்தில் எழுதினால் எப்படி இருக்கும்? பத்து வருஷம் கழிச்சும் அந்தப் பக்கம் திறக்கணும். அதற்குத் தேவை புது சாஃப்ட்வேர் இல்லை, பொறுப்பெடுக்க ஒரு துறை.