போகும்போது ஆறரை, வரும்போது ஒன்றரை!

சிங்கப்பூரில் இருக்கும் மகளிடமிருந்து கைக்குழந்தையோடு வரப்போகும் பேத்திக்காக எங்கள் எதிர்வீட்டு மதினி டிக்கெட் விவரத்தை எழுதி வைத்திருந்தார்கள். "ஏம்மா, சென்னையில ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினா அங்கே காலை 5.30க்கு இறங்குது. வரும்போது 8 மணிக்கு ஏறினா 9.30க்கு வந்துருதாமே! பிளேனுக்கும் ஊர் திரும்ப அவசரமா?" என்றார்கள்.

நியாயமான கேள்விதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். போக, வர இரண்டுக்கும் ஏறக்குறைய 4 மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் அச்சடிப்பார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரியில் அவர்கள் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.

அந்தக் காலத்தில் 'ரஜூலா', 'சிதம்பரம்' கப்பல்களில் போனவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று ஒரு வாரம் போல ஆகும். உடம்பும் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

குழந்தைக்குக் கடிகாரம் தெரியுமா? அதன் வயிறு ஊர் மணிப்படிதான் பசிக்கும். ஆகவே தாய்மார்களே, கைக்கடிகாரத்தைப் போய்ச் சேரும்வரை மாற்றாதீர்கள். பாலையும் துணியையும் வாசற்படி இறங்கும் நேரத்திலிருந்து எண்ணுங்கள். கோவில்பட்டியில் ராத்திரி ரயிலேறி, பகலெல்லாம் சென்னையில் உறவினர் வீட்டில் இருந்து, அடுத்த ராத்திரி விமானம் ஏறினால், நாலு மணி நேரப் பயணம் ஒரு நாளைத் தாண்டிவிடும். விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம் முன்னால் போகவேண்டும்.

மேலே சொன்ன விமானம் நம் மணிக்கு விடிகாலை மூன்றுக்கு இறங்கும். அதற்கு அரை மணி முந்தியே தாழ ஆரம்பித்துவிடும். காது அடைத்துப் பிள்ளை வீரிடுவது அப்போதுதான். முன்கூட்டியே பால் கொடுத்துத் தீர்த்துவிடாமல், அந்த நேரத்துக்கென்று கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சப்பி விழுங்கும்போது காது திறந்துகொள்ளும்.

கூடப் போகும் பெரியவர்களுக்கு இன்சுலின் உண்டென்றால் எந்த மணிக்குப் போடுவது என்று கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில்தான் இருக்கவேண்டும். பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

போன இடத்தில் பிள்ளை ராத்திரி பத்தரை வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தால் திட்டாதீர்கள், அதற்கு மணி எட்டுதான். அங்கே விடிவதே ஏழு மணி சுமாருக்கு. காலை வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு நடந்தால் சில நாளில் சரியாகிவிடும். ஊரிலிருக்கும் பாட்டிமார்களும், சீரியல் முடிந்து ஒன்பதரைக்குப் போன் போடாமல் சாயங்காலமே பேசிவிடுங்கள். அங்கே அப்போது நடுராத்திரி!