கையை அல்ல, பந்தைப் பார்!

"பதினைந்து வயசாச்சு. இன்னும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுறேன்." அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தரும் என்னிடம் அம்மாக்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. 'எனக்குப் பிறகு யார்?' என்ற கவலைதான் அதற்குப் பின்னால் இருக்கிறது.

கற்றுக்கொடுக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "முழங்கையை மடக்கு, விரலை நீட்டு" என்று உடலைப் பற்றியே பேசுகிறோம். ஆனால், கவனம் நம் உடல்மீது இருப்பதைவிட, அசைவால் வெளியே நடப்பதன்மீது இருந்தால் நன்றாகப் பழகலாம் என்கிறார் ஆய்வாளர் கேப்ரியேல வுல்ஃப். ஒவ்வொரு விரலையும் யோசித்து நகர்த்தினால், தானாக வரும் அசைவும் தடுமாறும்.

இது நம் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? வுல்ஃப், பிரேசில் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வில் லேசான குறைபாடுள்ள 24 பிள்ளைகள் பங்கேற்றனர். சராசரி வயது 12. சிறு பையை இலக்கை நோக்கி எறிய வேண்டும். ஒரு குழு கையின் அசைவைக் கவனித்தது. இன்னொன்று பையின் அசைவை. பிறகு தூரத்தைக் கூட்டியபோது, பையைக் கவனித்துப் பழகியவர்களே துல்லியமாக எறிந்தனர்.

சிறிய ஆய்வுதான், கடுமையான குறைபாடுள்ளவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வீட்டில் முயன்று பார்க்கச் செலவில்லை. மைலோ ஊற்றும்போது "கையை ஆட்டாதே" வேண்டாம். குவளையில் வண்ண நாடா ஒட்டி, "இந்தக் கோடு வரைக்கும் ஊற்று" என்று சொல்லுங்கள். பொத்தான் போடும்போது, "பொத்தானை ஓட்டைக்குள் தள்ளு" என்றால் போதும். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான். சொன்னபின் பொறுத்திருங்கள்.

இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, தேர்வு. எந்தப் பந்து, எந்தச் சட்டை, எப்போது உதவி வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். பதின்ம வயதுப் பிள்ளையைக் குழந்தையாக நடத்தினால் ஆர்வம் போய்விடும். இரண்டாவது, பாராட்டு. தவறியதை எண்ணாமல், சரியாக வந்ததைச் சொல்லுங்கள்: "இந்தத் தடவை சிந்தவே இல்லை!"

இந்த வாரம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அவசரமில்லாத மாலை நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பழக்குங்கள். பாதியில் நின்றாலும், உங்கள் கை முந்திக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குத்தான் அது கடினமான பயிற்சி.