மீண்டவர்கள் பேசட்டும், நாங்கள் கேட்போம்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், பழங்களோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அதே வீட்டுப் பிள்ளை ஐஸ், தூள் போன்ற போதைப்பொருளுக்கு அடிமையாகிவிட்டால், "தம்பி ஊரில நிக்கிறான்" என்று சொல்லித் தாய் கதவைச் சாத்திக்கொள்கிறார். தங்கைக்குக் கல்யாணம் பேசும் நேரம். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயம். சிகிச்சைக்குப் போகவேண்டிய மாதங்களை அந்தப் பயமே தின்றுவிடுகிறது.

பயப்படக் காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 18 நிலைமைகளைப் பற்றி விசாரித்த ஆய்வொன்றில், சமூகம் ஆக அதிகமாக வெறுத்து ஒதுக்குவது போதைப்பொருள் அடிமைத்தனத்தையே என்று தெரியவந்தது. மதுவுக்கு அடிமையாவது நான்காம் இடத்தில் இருந்தது. இலங்கையில் 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதம் கடந்த அளவிலேயே 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதைச் சுட்டிக்காட்டிய ஐ.நா. நிபுணர்கள், அதை உடனே இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டார்கள். உதவி கேட்டு வாய் திறந்தால் பொலிஸ் வாசலுக்கு வரும் என்று நினைக்கும் குடும்பம் எப்படிப் பேசும்?

பேசிய ஒரு குடும்பம் சென்னையில் இருந்தது. ரி.ரி.கே. தொழில் குழுமத்தை உருவாக்கிய ரி.ரி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன், குடியால் 1979இல் இள வயதிலேயே இறந்துபோனார். பெரிய இடம், மூடி மறைத்திருக்கலாம். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மறைக்கவில்லை. புகுந்த வீட்டாரின் துணையோடு 1980இல் கணவரின் பெயரிலேயே சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வாசலில் வந்து நின்ற மனைவிமாருக்கு, தங்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குப் புதிதல்ல என்று தெரிந்திருந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பட்டவர் சொல்லும்போது மற்றவருக்கு வாய் திறக்கிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டு மறுபடி விழாதிருக்க முயன்றுகொண்டிருந்த பில் வில்சன், குடியில் மூழ்கியிருந்த பொப் சிமித் என்ற வைத்தியரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த வைத்தியர் பல மணி நேரம் இருந்தார். வில்சன் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அங்கே முழுப்பெயர் சொல்லாமலே பேசலாம்.

கேட்பவரையும் அந்தக் கதை மாற்றுகிறது. மனநோய் குறித்த வெறுப்பைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய பல ஆய்வுகளை உளவியலாளர் கொரிகனின் குழுவினர் 2012இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். வளர்ந்தவர்களிடம், தகவல்களைச் சொல்லிக்கொடுப்பதைவிட மீண்டுவந்த ஒருவரை நேரில் சந்திப்பதே கூடுதலாகப் பலன் தந்தது. போதையிலிருந்து மீண்டவர் விடயத்திலும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன். 'குடுகாரன்' என்று நாம் ஒதுக்கியவர் பக்கத்துக் கதிரையில் இருந்து, எப்படித் தொடங்கினார், எத்தனை தரம் விட்டு மறுபடி விழுந்தார், யார் கைகொடுத்தார்கள் என்று சொல்லும்போது, அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தாமல் போகிறது.

ஆனால் கதை அவருடையது. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மகனின் கதையைத் தாய் சொல்வதானாலும் மகனின் சம்மதம் வேண்டும். மேடைக்கு இழுத்து அழவைப்பது உதவியல்ல.

மீண்டவர்களே, மீட்க உடன் நின்ற குடும்பத்தவர்களே, விருப்பமிருந்தால் எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளிவராது. பிரசுரத்துக்கு முன் உங்களிடம் காட்டி ஒப்புதல் பெறுவோம். இப்போது தவித்துக்கொண்டிருப்பவர்கள் எங்களுக்கு எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை இன்றே அழையுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுத் தம்பி சிகிச்சை முடிந்து திரும்பி வந்தால், போய்ப் பாருங்கள். வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் அவரையும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்