வீட்டுத் தோட்டம்: மெதுவாக வளர்வது நோயல்ல!



அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார்கள். "ஒரு வருஷத்துக்கு முன்னே உருண்டைக் கள்ளி ஒன்று வாங்கினேன். அப்போது எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. இப்பவும் அதே எலுமிச்சம்பழம்தான்! சத்து போதவில்லை போலிருக்கிறது என்று யூரியா போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். இப்போது அடிப்பக்கம் கறுக்கிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள்.

அந்தச் சகோதரிக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் செடிக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. மெதுவாக வளர்வது அதன் சுபாவம். அதை நோய் என்று நினைத்து நாம் பார்த்த வைத்தியம்தான் நோயாகிவிட்டது! இதைப் படித்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன். நானும் இதே தப்பைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவள்தான்.

ஏன் இந்த ஆமை நடை?

மற்றச் செடிகள் பகலில் இலையிலுள்ள நுண்ணிய துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது அவற்றின் ஈரமும் ஆவியாகப் போய்விடுகிறது. பாலைவனத்தில் பிறந்த கள்ளிக்கு அது கட்டுப்படியாகுமா? அதனால் வெயில் நேரத்தில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ச்சியில்தான் திறக்கிறது. ராத்திரி வாங்கிச் சேமித்ததை வைத்துப் பகலில் சமையல்! வரவு கொஞ்சம் என்றால் செலவும் கொஞ்சமாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் மெதுவாக வளர்கிறது. அதற்கு உரம் போட்டு அவசரப்படுத்தினால் உடம்பு ஊதி, தோல் வெடித்து, சீக்கிரம் அழுகிப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம். கிள்ளினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் ஜாக்கிரதை. நான் இங்கே எழுதுவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிகளைப் பற்றி. அவற்றில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு வைத்தது போலச் சின்ன மெத்தை ஒன்று இருக்கும். அதுதான் அடையாளம். நமக்குப் பழக்கமான சப்பாத்திக்கள்ளியும், இப்போது பழக்கடைகளில் விற்கிற டிராகன் பழச் செடியும், ராத்திரியில் பூக்கிறதே, பிரம்மகமலம் என்று நாம் சொல்கிற செடியும் இந்தக் குடும்பம்தான். ஆனால் பிரம்மகமலம் காட்டு மரங்களில் தொற்றி வளர்கிற ஜாதி. அதற்கு நிழலும் கொஞ்சம் கூடுதல் ஈரமும் வேண்டும். மற்றவற்றோடு அதைச் சேர்க்காதீர்கள்.

எங்கள் வீட்டுத் தங்கப்பந்து

2005-ல் பெங்களூருக்குப் போயிருந்தபோது, மஞ்சள் முள்ளோடு உருண்டையாக இருந்த ஒரு கள்ளியை வாங்கி வந்தேன். என் மகளுக்கு அப்போது ஒரு வயது. 'தங்கப்பந்து' என்று பெயர் வைத்தோம். மெக்ஸிகோ நாட்டுச் செடி அது. 1990-களில் அங்கே சிமாபான் என்ற இடத்தில் அணை கட்டியபோது, அது இயற்கையாக வளர்ந்த பள்ளத்தாக்கில் பெரும் பகுதி தண்ணீருக்குள் போய்விட்டதாம். உலகமெல்லாம் தோட்டங்களில் இருக்கிற செடி, தன் சொந்த ஊரில் அருகிப் போய்விட்டது.

"முள்ளுச் செடியை வாசல்ல வைக்காதளா" என்று அத்தைக்கு அப்போதே மனத்தாங்கல். பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தேன். மகளும் அதுவும் சேர்ந்தே வளர்ந்தார்கள். அவள் என் தோளுக்கு வந்தபோது அது ஒரு தேங்காய் அளவு. அவள் கல்லூரிக்குப் போகிற வயதில் குறுக்களவு ஒன்பது அங்குலம்! அதற்குள் நான் கூட வாங்கிய நாலைந்து கள்ளிகள், தாமிரபரணித் தண்ணீர் குழாயில் தாராளமாக வருகிறதே என்று ஊற்றி ஊற்றியே போய்ச் சேர்ந்தன. தாகத்தால் என் வீட்டில் ஒரு கள்ளிகூடச் செத்ததில்லை!

மண்ணும் தண்ணீரும்

ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு கழுவிச் சலித்த பருமணல், ஒரு பங்கு சின்னச் சின்னதாக உடைத்த செங்கல் துண்டு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரி, ஒரு ஸ்பூன் வேப்பம் புண்ணாக்கு. இதுதான் நான் போடுகிற கலவை. வயல் வண்டல் வேண்டாம். அது நெல்லுக்கு அமிர்தம், கள்ளிக்கு விஷம். மண் தொட்டிதான் நல்லது. அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். செடியைவிட இரண்டு விரல் அகலமான தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் மண் காயவே காயாது.

தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும்! மண்ணுக்குள் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உத்தேசமாகச் சொன்னால், பங்குனியிலிருந்து வைகாசி வரை எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை. அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. ஆனி முதல் புரட்டாசி வரையிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மாதங்களில் கூரை அடியில் நகர்த்திவிட்டு, தண்ணீர்ச் செம்பையே மறந்துவிடுங்கள். தை, மாசியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஊற்றுகிற அன்று அடித் துவாரத்தில் வடிகிற வரை ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி தெளிப்பது கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் பொருக்கு படியும்; மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

தொட்டுப் பார்த்து வைத்தியம்

செடியில் ஏதாவது மாறுதல் தெரிந்தால் உடனே மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள்.

அடிப்பக்கம் பழுப்பாகி, ஆனால் கட்டை போலக் கெட்டியாக இருக்கிறதா? அது முதுமை. நமக்கு நரைக்கிற மாதிரி! ஒன்றும் செய்ய வேண்டாம்.

பழுப்போ கறுப்போ, அழுத்தினால் அமுங்குகிறதா? கெட்ட வாடை வருகிறதா? அது அழுகல். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

செடி சுருங்குகிறதா? மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் சுருங்கினால் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து மேலும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்.

மேல்பாகம் மட்டும் வெளிறி, ஒல்லியாக, கூம்பி நீளுகிறதா? வெளிச்சம் போதவில்லை. ஆனால் இன்றைக்கே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குங்கள். திடீர் வெயில் பட்டால் மஞ்சளும் வெள்ளையுமாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு ஆயுசுக்கும் மாறாது.

உச்சியில் துருப்பிடித்தது போல மெல்லிய பழுப்பும், உற்றுப் பார்த்தால் நூலாம்படையும் தெரிகிறதா? செஞ்சிலந்திப் பேன். ஆனி, ஆடிக் காய்ந்த காற்றில் வரும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, சாயங்காலம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

முள் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து எடுங்கள். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம், ஸ்பிரிட் குபீரென்று பற்றும். நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், அரை டீஸ்பூன் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கின பிறகு வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். முதலில் ஒரு ஓரத்தில் தெளித்து, செடி தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேரிலும் இந்த வெள்ளை மாவு இருக்கும். தொட்டி மாற்றும்போது கவனியுங்கள்.

இந்தப் பஞ்சுப் பூச்சி ஜாதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இதற்கு உறவுக்காரப் பூச்சி ஒன்று உண்டு. நசுக்கினால் ரத்தம் போலச் சிவப்புச் சாயம் வரும். அந்தச் சாயத்துக்காக 1795-லேயே அதில் ஒரு வகையைக் கப்பலில் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். எதிர்பார்த்த உயர்ந்த சாயம் கிடைக்கவில்லை. பிறகு சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டு பெரும் தொல்லையானபோது, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு வகையைக் கொண்டு வந்து விட்டார்கள். சில வருஷங்களில் ஏக்கர் ஏக்கராகக் கள்ளிக்காடு சாய்ந்தது! காட்டையே சாய்க்கிற கூட்டம், நம் தொட்டியில் விட்டுவைக்குமா?

வெள்ளம் வந்த மார்கழி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்கள் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பஸ் நிலையம், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை எங்கும் வெள்ளம். எங்கள் மீனாட்சிபுரம் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு வந்துவிட்டது. நாங்கள் மாடிக்கு ஏறினதே பெரிய காரியம். தொட்டிகளை யார் நினைத்தார்கள்?

தண்ணீர் வடிந்து பார்த்தால் பதினான்கு தொட்டியும் சேற்றுக்குள். ஹாஸ்டலிலிருந்து மகள் போனில், எல்லோரையும் விசாரித்துவிட்டு, "தங்கப்பந்து இருக்காம்மா?" என்றாள். இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அடிப்பக்கம் அமுங்கியது.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பாவமே என்று ஐந்தாறு செடிகளை நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே புது மண்ணில் நட்டு, தண்ணீரும் விட்டேன். தங்கப்பந்தையும் எடுத்தபோது அத்தை தடுத்தார்கள். "ஏளா, சேனைக்கிழங்கை நறுக்குனா ஈரத்தோடயா புதைக்கோம்? வெட்டுவாய் காஞ்சாத்தானே மண்ணுக்குள்ள வைக்கோம்? இதுவும் அப்படித்தாம்ளா!"

அப்படியே செய்தோம். பழைய துண்டை மடித்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அழுகின வேரையும் அடியில் இரண்டு விரல் கனத்தையும் அரிந்தோம். ஒவ்வொரு அரிதலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தோம். பழுப்பு வளையமே தெரியாமல் சதை சுத்தமாக வருகிற வரை அரிய வேண்டும். இரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டால் அத்தனையும் வீண். வெட்டுவாயில் கரித்தூளும் மஞ்சள்பொடியும் தடவினேன். பால்பானை தொங்கின பழைய உறியை அத்தையே பரணிலிருந்து எடுத்துத் தந்தார்கள். நிழலில், காற்றோட்டமாக மூன்று வாரம் உறியில் தொங்கியது. பிறகு உலர்ந்த மணல் கலவைமேல் உட்கார வைத்தேன். மாசி முடிகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? செடி வேறு சுருங்கிக்கொண்டே வந்தது.

பங்குனியில் லேசாக அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை, வேர் பிடித்துவிட்டது! அப்புறம்தான் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். ஆடியில் உச்சியில் புது மஞ்சள் முள் எட்டிப் பார்த்தது. நான் அன்றைக்கே கழுவி நட்டவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வெள்ளம் விட்டுவைத்ததை என் இரக்கம் கொன்றுவிட்டது.

அம்பாசமுத்திரத்துச் சகோதரி, நீங்களும் இதேபோல் அரிந்து பாருங்கள். எலுமிச்சை அளவுதான் என்பதால் பத்து நாள் உலர்ந்தால் போதும். உச்சிவரை பழுப்பு ஏறியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு வேறு செடி வாங்குங்கள். ஆனால் அந்த மண்ணையும் யூரியாவையும் மறுபடி உபயோகிக்காதீர்கள்.

தங்கப்பந்து இப்போது முன்வாசலில் இருக்கிறது. வைத்தது யார் என்கிறீர்கள்? அத்தைதான்!

உங்கள் கள்ளிக்கு என்ன தொந்தரவு என்று எழுதுங்கள் சகோதரிகளே. எழுதும் முன்பு ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்க மறக்க வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போமா?