பாட்டரி வண்டி ஓடட்டும். பம்பு செட் நிற்கலாகாது

ஆலங்காயம் வட்டாரக் கிராமங்களிலும் பாட்டரி ஸ்கூட்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இதில் வியப்பில்லை. ராணிப்பேட்டை, ஓசூர், போச்சம்பள்ளி மூன்று இடங்களிலும் 2021-ஆம் ஆண்டில் இவ்வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன. சுமார் மூன்று யூனிட் மின்சாரத்தில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக ஓடும் வண்டியை விவசாயி விரும்புவது நியாயமே. (ஜவ்வாது மலையேற்றத்தில் இத்தூரம் குறையும், விற்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.)

வண்டியைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. அது எந்த டிரான்ஸ்பார்மரில், எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது என்பதே கேள்வி.

கிராமங்களில் பொதுவாகக் காணப்படும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், ஐந்து எச்.பி. மோட்டார்கள் பத்துப் பன்னிரண்டை ஏக காலத்தில் தாங்கும். ஒரு ஸ்கூட்டர் சார்ஜருக்கு முக்கால் கிலோவாட் போதும். ஆனால் மாலையில் வீடு திரும்பிய பத்துப் பேர் ஒரே சமயம் சொருகினால், அது ஏறக்குறைய இரண்டு பம்பு செட்டுக்குச் சமமான சுமை. கார்களுக்கான 60 கிலோவாட் அதிவேக சார்ஜர் ஒன்றே போதும், அந்த டிரான்ஸ்பார்மர் முழுவதையும் விழுங்கிவிடும்.

வீடுகளும் கிணறுகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள இடங்களில் இதன் பலனை முதலில் அனுபவிப்பவர், கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் சிறு விவசாயிதான். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் இரு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்காகும். வீட்டு சார்ஜர்கள் ஒற்றை பேஸில் ஓடுபவை. அவையெல்லாம் ஒரே பேஸில் ஏறிவிட்டால் மூன்று பேஸும் சமமின்றிப் போய், நல்ல மோட்டாரும் எரியும். ரீவைண்டிங் கூலி யார் கொடுப்பது?

குஜராத்தில் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் கிராமத்துக்கு ஒரு மின்பாதை, கிணறுகளுக்கு வேறொரு மின்பாதை என்று பிரித்தார்கள். மத்திய அரசு 2021-ல் தொடங்கிய மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. வண்டிகள் பெருகிய பிறகு பிரிப்பதைவிட, இப்போதே மலையடிவாரக் கிராமங்களில் பிரிப்பது செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

பொது சார்ஜர் நிலையங்களுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். பஸ் நிலையம், கூட்டுறவுச் சங்கம், சந்தை போன்ற, பகலில் வண்டிகள் நிற்கும் இடங்களே இதற்கு ஏற்றவை. காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதால், அந்நேரத்தில் சார்ஜ் நிலையங்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கின்றன 2024-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள். ஆலங்காயத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

விவசாயிகள் பக்கமும் ஒரு கடமை உண்டு. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு வந்து, பின்னர் அனைவருக்கும் விரிந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கானது. பம்பு செட் கொட்டகையில் ஸ்கூட்டரைச் சொருகுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்கலாம். சொந்த வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்யத் தடை ஏதும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் சொருகினால் அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லையில்லை.

மும்முனை மின்சாரம் 415 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் இறங்கலாகாது என்பது விதி. மாலை ஏழு மணிக்கு ஸ்டார்ட்டர் பலகையிலுள்ள வோல்ட் மீட்டர் 390-க்குக் கீழே காட்டினால் மோட்டாரை நிறுத்திவிட்டு, தேதியும் நேரமும் குறித்து, பத்து நாள் கணக்கை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வது நலம்.