பரிசுத்தமும் சுத்தமும்

ஆறு வருடம் ஒரு சபையில் ஸ்லைடு போட்டேன். சென்னை ஓஎம்ஆரில் ஓர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் சபை. பாடல் வரிகளைத் திரையில் மாற்றுவதுதான் என் வேலை. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பாடுகிறவர் எந்த வரியை மறுபடி எடுப்பார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஜனங்கள் கண்ணை மூடிக் கையைத் தூக்குகிற இடம் வரும்போது பின்னணிப் படம் நீலத்துக்கு மாற வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன்.

போன வருடம் ஒரு திருவிருந்து ஞாயிறு. அன்றைய பிரசங்கம் முழு இருதயத்தோடு ஆராதிப்பது பற்றி. அது முடிந்து ஜனங்கள் வரிசையாக மேசைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அரங்கத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்காவும் ஹவுஸ்கீப்பிங் சீருடையோடு வரிசையில் நின்றார். அவரும் ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிதான். வாசலில் நிற்கிற சகோதரர் அவர் பக்கம் குனிந்து, சிரித்த முகத்தோடு, “அக்கா, நீங்க கடைசி பேட்ச்ல வாங்களேன்” என்றார். அதட்டல் இல்லை, தள்ளல் இல்லை. அக்கா தலையாட்டிவிட்டு, செருப்புகள் கிடக்கிற ஓரத்துக்குப் போய்விட்டார். சவுண்ட் மேசை கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் எனக்கு எல்லாமே தெரிந்தது. நான் அடுத்த ஸ்லைடைப் போட்டேன்.

அன்று மதியம் பிரியாணி சாப்பிடும்போது அந்தச் சகோதரரிடம் கேட்டேன். நல்ல மனுஷன். எனக்கு டெங்கு வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தவர். “யூனிஃபார்ம்ல இருந்தாங்க ப்ரோ. பாத்ரூம் கழுவிட்டு நேரா வந்தாங்க. பரிசுத்தமான மேசை இல்லையா, ஒரு மரியாதை வேணும்ல” என்றார்.

பரிசுத்தம். இந்த ஒரு வார்த்தையோடுதான் என் சண்டை.

அதற்குள்ளேயே சுத்தம் உட்கார்ந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பரி, சுத்தம். முழுக்க முழுக்கச் சுத்தம். கத்தோலிக்கர்கள் சொல்லும் ‘தூய’ என்பதும் சுத்தம்தான். ‘புனிதம்’ என்பதன் வேரிலும் சுத்தம்தான். பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் புனிதர் பெயருக்கு முன்னால் ‘அர்ச்.’ என்று போட்டிருப்பார்கள். அர்ச்சியசிஷ்டர் என்பதன் சுருக்கம். அந்தக் கரடுமுரடான சொல்லில் மட்டும் சுத்தம் இல்லை, வணக்கத்துக்குரியவர் என்பதுதான் அதன் பொருள். பாவம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

எபிரேய மொழியில் இவை இரண்டு வேறு சொற்கள். ‘காதோஷ்’ என்றால் பரிசுத்தம், கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ‘தாஹோர்’ என்றால் சுத்தம், தீட்டில்லாதது. கிரேக்கத்திலும் அப்படியே, ‘ஹாகியோஸ்’ வேறு, ‘கதரோஸ்’ வேறு. என் தொழில் பாஷையில் சொன்னால், இவை இரண்டு தனித்தனி வேரியபிள்கள். மொழிபெயர்ப்பில் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிட்டோம். ஏற்கெனவே சுத்தத்தையும் தீட்டையும் வைத்து மனிதரை அடுக்கிய ஒரு சமூகத்தில் அந்த வேர் என்னவாக முளைக்கும்? சொல்தான் சாதியைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். சாதிக்கு நிலம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, கல்யாணச் சந்தை இருக்கிறது, ஒரு சொல்லின் தயவு அதற்குத் தேவையில்லை. ஆனால் மனசாட்சி உறுத்துகிற நேரத்தில் படுத்துக்கொள்ள ஒரு பாய் வேண்டுமே. அந்தப் பாயை இந்தச் சொல் விரித்துக் கொடுத்தது.

வேதத்தில் தீட்டுச் சட்டங்கள் இல்லையா என்பீர்கள். தாராளமாக இருக்கின்றன. லேவியராகமத்தைத் திறந்தால் தோல் நோய், மாதவிலக்கு, பிணம் தொட்டது என்று பக்கம் பக்கமாக வரும். ஆனால் அதே புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். கடவுள் பரிசுத்தர், ஆகவே நீங்களும் பரிசுத்தராக இருங்கள் என்றுதான் அது தொடங்குகிறது. சரி, எப்படி? அறுவடையில் வயலின் ஓரத்தை வழித்து அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டு வை. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. செவிடனைத் திட்டாதே, குருடன் காலில் இடறுகிற மாதிரி எதையும் வைக்காதே. பிறனை உன்னைப் போல நேசி என்கிற புகழ்பெற்ற கட்டளை வருவதும் இதே அதிகாரத்தில்தான். இரண்டு வகைத் துணியைக் கலந்து உடுத்தாதே என்பது போன்ற வினோதங்களும் கூடவே இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் கூலியை ராத்திரி முழுக்க வைத்திருப்பது பரிசுத்தக் குலைச்சல் என்று எந்த கன்வென்ஷனிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதெல்லாம் சினிமா, கம்மல், ஜீன்ஸ்.

வடக்கன்குளத்துக்கு வருகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி, என் அம்மாவின் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அங்கே திருக்குடும்ப ஆலயம் என்ற கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை இரண்டு கால்களாகக் கட்டினார்கள். ஒரு காலில் வெள்ளாளர், மற்றதில் நாடார். நடுவே தடுப்பு. இரண்டு கால்களும் சேருகிற இடத்தில் பீடம். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்து ஜனத்துக்கு அந்தப் பக்கத்து ஜனம் தெரியாது. எஞ்சினியராகச் சொல்கிறேன், அபாரமான வடிவமைப்பு! ஒரே கடவுள், இரண்டு லாகின்.

1910இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். இடித்ததற்கு என்ன நடந்தது தெரியுமா? அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வெள்ளாளத் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அவர்கள் நாத்திகர்கள் அல்ல, அரைகுறை விசுவாசிகளும் அல்ல. ஆராதிக்கத்தான் அந்தச் சுவரைக் கேட்டார்கள்.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை என்கிற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி ஞானஸ்நானம் வாங்கினார். குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்த டச்சுப் படைக்காரர் டிலனாயின் நட்பு அவரை அங்கே கொண்டுவந்தது. லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார்கள். 1749இல் கைதானார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரும் சமம் என்று வலியுறுத்தியது மேல்தட்டின் வெறுப்பைக் கிளப்பியது என்று வத்திக்கானின் குறிப்பே சொல்கிறது. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குள்ளும் ஒரு கூத்து: பட்டத்தோடு ‘பிள்ளை’யும் போகப் பார்த்தது. சாதிப் பெயர் வேண்டாம் என்று மனுப் போட்ட பிறகு நீக்கினார்கள். இவர் தலையில் தண்ணீர் ஊற்றிய ஊர், நூறு வருடத்துக்கு மேல் கழித்து, கோயிலுக்குள் சுவரைக் கட்டிக்கொண்டது. யாரைப் புனிதர் என்று வணங்குகிறோமோ அவர் செய்ததை மட்டும் செய்யாமல் இருப்பதற்குப் பெயர்தான் பக்தி போல.

இதை எழுதும்போது நெஞ்சை நிமிர்த்த முடியவில்லை. அந்தச் சுவரால் மறைக்கப்பட்ட பக்கத்தில் நின்றவர்கள் என் சாதிக்காரர்கள். புராட்டஸ்டன்ட் என்றாலும் நானும் நாடார் வீட்டில் பிறந்தவன்தான். சுவர் எப்படி வலிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் சுவர் கிடையாது. தேவைப்படவில்லை. கீழத்தெரு ஆட்கள் எங்கே உட்காருவார்கள், எப்போது எழுந்து நற்கருணைக்குப் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து வயதில் ஆச்சியிடம் கேட்டேன், அவங்க மட்டும் ஏன் கடைசியில போறாங்க என்று. “அவிய அப்படித்தாம்ல போவாவ. நீ முன்னால பாரு, ஜெபம் பண்ணு” என்றாள். ஆச்சி உண்மையான பக்திக்காரி, விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பாள். முன்னால் பார்ப்பதுதான் ஆராதனை என்று அவளிடம்தான் படித்தேன். நன்றாகவே படித்திருக்கிறேன், அடுத்த ஸ்லைடு அப்படி வந்ததுதான்.

விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதிலிருந்து எழுந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். இரு தரப்புமே கிறிஸ்தவர்கள்தான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மேசைக்குத் திரும்புவோம். திருவிருந்துக்கு முன் ஒவ்வொரு சபையிலும் ஒரு எச்சரிக்கை வாசிப்பார்கள். அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினை. உடனே எல்லாரும் குனிந்து தங்கள் அந்தரங்கப் பாவங்களைத் தோண்டுவார்கள், போன வாரம் என்ன பார்த்தோம், யாரை நினைத்தோம் என்று. நானும் பதினைந்து வயதில் அந்த வசனத்துக்குப் பயந்து அப்பத்தைத் தொடாமல் இருந்திருக்கிறேன். பிற்பாடுதான் பவுல் கொரிந்துச் சபைக்கு அதை ஏன் எழுதினார் என்று படித்தேன். அங்கே வசதியானவர்கள் முதலில் சாப்பிட்டுக் குடித்து வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் வேலை முடிந்து வந்த அடிமைகளும் கூலிக்காரர்களுமாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே இல்லை என்று முகத்தில் அடித்தமாதிரி எழுதுகிறார் பவுல். கடைசியில் அவர் சொல்லும் தீர்வு என்ன? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். இவ்வளவுதான். எவரைக் கடைசி பேட்சுக்கு அனுப்பக் கூடாதோ அவரை அனுப்பி வைத்துவிட்டு, அந்த வசனத்தையே வாசித்து, அதையும் என்னைக் கொண்டு திரையில் போடவைத்து நடத்துகிறோம்.

ஆராதனை என்றால் பாட்டு என்று எப்போது ஆயிற்று? இப்போது ‘ஒர்ஷிப் நல்லா இருந்துச்சு’ என்றால் கீபோர்டும் டிரம்ஸும் நன்றாக இருந்தது என்று அர்த்தம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் ஆராதனை என்று எதைச் சொல்கிறார்? உடம்பைப் பலியாகக் கொடுப்பதை. சாகாத பலி, ஜீவபலி. உணர்ச்சியை அல்ல, சரீரத்தைக் கேட்கிறார். அந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் ‘லாத்ரெயா’, பணிவிடை. அதிகாரம் அப்படியே கீழே இறங்கி, இல்லாதவரோடு பங்கிடு, அந்நியரை வீட்டில் ஏற்றுக்கொள், எளியவர்களோடு ஒட்டி நில் என்று போகிறது. சரி, ‘முழு இருதயம்’? எபிரேய வேதத்தில் இருதயம் என்பது கண்ணீர்த் தொட்டி மட்டுமல்ல, யோசித்து முடிவெடுக்கிற இடம். நீலப் பின்னணியில் உருகுவது மிச்சமுள்ள நேரத்தில் செய்யலாம்.

‘ஒப்புக்கொடுத்தல்’ பற்றி எனக்கே ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் ஏமாற்று. முழுசாகக் கொடு என்று கேட்கிற எவரையும் நான் சந்தேகிப்பேன். என் மேனேஜரும் அதைத்தான் கேட்கிறார். அப்ரைசலில் ‘எக்ஸ்ட்ரா மைல்’ போனாயா என்கிறார். அதுவே மலைப் பிரசங்கத்திலிருந்து கழன்று விழுந்த சொல் என்று அவருக்குத் தெரியாது. நாம் பக்தியோடு சொல்லும் ஊழியம் என்ற சொல்லையே பாருங்கள். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலைக்குப் பெயர் ஊழியம். எங்கள் சபையில் காலை 5 மணிக்கு வந்து கழிவறை கழுவுகிற அக்கா செய்வது வேலை. 8 மணிக்கு வந்து கிடார் சுருதி சேர்க்கிறவரும் ஸ்லைடு போடுகிற நானும் செய்வது ஊழியம். கடைசியில் மேடைக்கு அழைத்துக் கைதட்டுவது எங்களுக்கு. ஏற்கெனவே உறிஞ்சப்பட்டவர்களிடம் போய்த் தியாகத்தைப் பிரசங்கிக்கிறவன் திருடன். கொடுக்க வேண்டியவன் சுவரால் லாபம் அடைகிறவன்தான். பணமாக அல்ல, அது எங்களுக்குச் சுலபம், ஜீபேயில் தசமபாகம் போய்விடும். இடத்தை, முறையை, முதலில் எழுந்து போகிற உரிமையைக் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எதுக்குடா சர்ச், பேசாமல் வெளியே வந்து சாதி ஒழிப்பு வேலை பாரேன் என்பான் என் இலக்கிய நண்பன். நியாயம்தான். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வெளியே நான் நன்றாகப் பேசுவேன், நன்றாக எழுதுவேன், இதோ எழுதுகிறேனே. எதுவும் என் உடம்பில் படாது. அந்த மேசை ஒன்றுதான் யார் பக்கத்தில் நின்று, யாருக்குப் பின்னால் சாப்பிடுகிறாய் என்று உடம்பிடம் கேட்கிறது. அதை விட்டு வெளியேறுவது எனக்கு ரொம்ப வசதி. அதனாலேயே போகவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறு சவுண்ட் மேசையை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டு, கடைசி பேட்சில் போய் நின்றேன். வாட்ச்மேன், இரண்டு டிரைவர்கள், அந்த அக்கா, நான். ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் கப். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கிருமிப் பயத்தால் பொதுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு இந்தத் தனிக் கோப்பைகளைக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் சுத்தம்தான். குடித்து முடித்ததும் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்து நாலைந்து எடுத்தேன்.

“விடுங்க சார்” என்றார். “நீங்க எடுத்தா சூப்பர்வைசர் என்னைத்தான் கேப்பாரு.”

கையில் இருந்ததை அவர் தட்டில் வைத்துவிட்டு நின்றேன். மேடையில் அந்தப் பையன் நீலப் பின்னணியை இன்னும் மாற்றவில்லை.